ஆட்டின் ஆண்டும் புல்லின் ஆண்டும்

(வெள்ளகோவில் பகுதி ஆடு வளர்ப்போர் முன் ஆற்றிய சொற்பொழிவு)

முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் ஆத்தாமார்களுக்கு முதல் வணக்கம். பட்டியைப் பக்கத்துக் காட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் அண்ணன்மார்களுக்கு அடுத்த வணக்கம். 'எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும், இதை எதற்கு உட்கார்ந்து கேட்க வேண்டும்' என்று கடைசி வரிசையில் சாய்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம். பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுகிறேன். ஆடு பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் ஆட்டுக்காரரைப் பிடித்து வைப்பது பாவம்.

கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது பழகிவிட்டது. "ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி போடணுங்க டாக்டர்?" சந்தையில் கேட்பார்கள். பேருந்தில் கேட்பார்கள். எழவு வீட்டில்கூட ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் நான் நேராகப் பதில் சொன்னதில்லை. 'இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியாது' என்று போனவர்களும் உண்டு. அந்தக் கடனைத் தீர்க்கத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஒரு செம்மறி தன் எடையில் நூற்றுக்கு மூன்று, மூன்றரைப் பங்கு தின்னும். உங்கள் மேச்சேரிப் பெட்டை 25 கிலோ இருக்கிறது என்றால் 750 கிராமிலிருந்து 875 கிராம் வரை உலர்ந்த தீனி. பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். அதனால் பச்சையாகப் போட்டால் மூன்று, மூன்றரைக் கிலோ. அவ்வளவுதான். கணக்கு முடிந்தது. எழுந்து போய்விடலாம்.

போய்விடலாமா? மார்கழியில் மேயும் ஆடும் பங்குனியில் மேயும் ஆடும் ஒரே ஆடுதான். ஒரே காட்டில்தான் மேய்கிறது. மார்கழியில் அதன் மேல் கைவைத்தால் முதுகெலும்பு தட்டுப்படுவதில்லை. பங்குனியில் ஏன் விலா எலும்பை எண்ண முடிகிறது? வயிறு இரண்டு மாதத்திலும் நிறைந்துதானே இருக்கிறது? அப்படியானால் கேள்வியே தப்பு. எவ்வளவு என்று கேட்டதற்குப் பதிலாக எப்போது என்று கேட்டிருக்க வேண்டும். எப்போது? இந்த ஒரு சொல்லைத்தான் இன்றைக்கு உங்களிடம் விட்டுவிட்டுப் போகப் போகிறேன்.

நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்திலிருந்தே தொடங்குவோம். வெளியூர்க்காரர் ஒருவரைக் காரில் கூட்டிக்கொண்டு மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் போனால் என்ன சொல்வார்? "தரிசாகக் கிடக்கிறதே" என்பார். சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே அங்கங்கே வெள்வேல மரம். தரையில் கொழுக்கட்டைப்புல். நடுவே நரிப்பயறு மாதிரி நாலைந்து கொடி. ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் கண்ணுக்குத் தரிசு. நம் பாட்டன்மாருக்கு அது வயல். மழை குறைந்த, சரளை கலந்த மண்ணில் வேறு எதை விதைத்தாலும் மூன்று வருடத்தில் ஒரு வருடம்தான் வீடு வந்து சேரும். புல்லை வளரவிட்டு ஆட்டை மேயவிட்டால் மூன்று வருடமும் ஏதோ ஒன்று கிடைக்கும். கணக்குத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

அந்தக் கிளுவை வேலியைப் பாருங்கள். மழைக்காலத்தில் ஒரு போத்தை வெட்டி நட்டால் வேர் பிடித்துக்கொள்ளும். கம்பி வேலிக்குப் பணம் வேண்டும், கல் வேண்டும். இது தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் வேலி. வேலி எதற்கு? ஆடு வெளியே போகாமல் இருக்க என்பீர்கள். பாதிதான் சரி. ஆடு உள்ளே வராமல் இருக்கவும் அதுதான் வேலி! மழை பெய்தவுடன் புல் துளிர்க்கும். அந்தத் துளிரை அன்றைக்கே மேயவிட்டால் புல்லுக்குச் சோறு சமைக்க இலை ஏது? வேரில் சேர்த்து வைத்ததை எடுத்துத் திரும்பத் துளிர்க்கும். திரும்பக் கடிபடும். நாலு முறை கடிபட்டால் தூரே செத்துவிடும். நான்கு துண்டுக் காடு வைத்திருப்பவர் ஒன்றை மேயவிட்டு மூன்றைச் சாத்தி வைக்கலாம். ஒரே காடு வைத்திருப்பவரும் நடுவில் ஒரு கிளுவை வரிசை போட்டு இரண்டாக்கிக்கொள்ளலாம். படலைத் திறப்பதும் சாத்துவதும்தான் மேய்ச்சல் நிலத்தின் உழவு. எப்போது திறப்பது? புல் முழங்காலுக்குப் பாதி வளர்ந்த பிறகு. எப்போது சாத்துவது? நாலு விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே.

இந்தக் கொழுக்கட்டைப்புல்லுக்கு ஒரு பயணக் கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி பாலைவனம். 19ஆம் நூற்றாண்டில் அங்கே சரக்கு இழுக்க ஒட்டகங்களையும் ஒட்டகக்காரர்களையும் இந்தியாவின் வடமேற்குப் பக்கத்திலிருந்து கப்பலில் கொண்டுபோனார்கள். ஒட்டகத்தின் முதுகுச் சேணத்துக்குள் அடைத்திருந்த வைக்கோலோடு இந்தப் புல்லின் விதையும் போய்ச் சேர்ந்தது என்கிறார்கள். சேணம் கிழிந்த இடமெல்லாம் புல் முளைத்தது. அங்கே மாடு வளர்ப்பவர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். காட்டைக் காப்பவர்கள் இதைக் களை என்று திட்டுகிறார்கள், தீப்பிடித்தால் அணைக்க முடியவில்லை என்கிறார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். அவ்வளவு பிடிவாதமான புல். அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் நம் ஊரில் ஆடு இருக்கிறது.

ஆனால் அந்தப் புல்லுக்கும் ஒரு ஆண்டு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் இளம்பெண். தையில் பூத்துக் காய்க்கும். பங்குனி, சித்திரையில் வெறும் நார். நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே மாறுவது தெரியாது. இளம் புல்லில் இருந்த புரதம் கோடையில் நூற்றுக்கு நாலு, அதற்கும் கீழே இறங்கிவிடும். இங்கேதான் ஒரு எண்ணை மனதில் வைக்க வேண்டும். 7. தீனியில் நூற்றுக்கு 7 பங்காவது புரதம் இல்லாவிட்டால் ஆட்டின் வயிறு வேலை செய்யாது. செரிக்காத தட்டு அப்படியே வயிற்றில் தங்கும். உள்ளே இடம் காலியானால்தானே அடுத்த வாய் தின்னும்? வயிறு நிறைந்திருக்கும், ஆடு பட்டினி கிடக்கும். பங்குனியில் விலா எலும்பு தெரிவதற்குக் காரணம் இதுதான்.

வயிறு வேலை செய்யாது என்றேனே, அந்த வேலையைச் செய்வது யார்? ஆடா? இல்லை. புல்லைச் செரிக்கும் சக்தி ஆட்டுக்குக் கிடையாது. நமக்கும் கிடையாது. ஆட்டின் நாலு அறை வயிற்றில் முதல் அறை ஒரு பெரிய ஊறல் தாழி. அதன் ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடி வரை நுண்ணுயிர்கள். புல்லை உடைப்பது அவை. ஆடு அசைபோட்டு அரைத்துக் கொடுக்கிறது, அவை வேக வைக்கின்றன, கடைசியில் ஆடு அந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே செரித்துவிடுகிறது. ஆட்டின் இறைச்சியில் பெரும்பங்கு ஒருகாலத்தில் நுண்ணுயிராக இருந்தது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். நீங்கள் ஆட்டுக்குத் தீனி போடுவதாக நினைத்துக்கொண்டு அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்துக்குத்தான் பந்தி பரிமாறுகிறீர்கள்.

பந்தி என்றதும் ஒரு கல்யாணம் ஞாபகம் வருகிறது. ஒரு தை மாதம். விடியற்காலை நாலு மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார் ஒருவர். மூச்சு வாங்குகிறது. "பட்டியில ஆடு படுத்தது எந்திரிக்க மாட்டேங்குதுங்க." போய்ப் பார்த்தேன். 40 உருப்படி உள்ள பட்டி. ஏழு செத்துக் கிடக்கின்றன. பத்துப் பன்னிரண்டு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கின்றன. வயிறு பானை மாதிரி. தட்டினால் தண்ணீர் தளும்பும் சத்தம். கண் உள்ளே போயிருக்கிறது. கழிச்சல் புளித்த வாடை அடிக்கிறது. "நேற்று எங்கே மேய்ந்தன?" என்றேன். பக்கத்துத் தோட்டத்தில் கல்யாணம். மிச்சச் சோற்றை அண்டாவோடு வேலி ஓரம் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் பட்டிக்குத் திரும்பிய ஆடுகள் அங்கேயே நின்றுவிட்டன.

அவர் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "சோறுதானுங்களே தின்னுச்சு? வெசத்தையா தின்னுச்சு?"

சோறுதான். ஆனால் அதைத் தின்றது யார்? புல் தின்று பழகிய நுண்ணுயிர்க் கூட்டத்தின் மேல் திடீரென்று மாவுச்சத்து மழையாகக் கொட்டுகிறது. அதைத் தின்னும் வேறொரு கூட்டம் சில மணி நேரத்தில் பெருகி, பால் புளிக்கிற அதே அமிலத்தைத் தாழி முழுக்க நிரப்புகிறது. புல் தின்னும் கூட்டம் அந்தப் புளிப்பில் செத்துவிடுகிறது. புளிப்பைக் கரைக்க உடம்பின் தண்ணீரெல்லாம் வயிற்றுக்குள் இறங்குகிறது. தண்ணீர் நிறைந்த வயிற்றோடு ஆடு வறண்டு சாகிறது. அன்றைக்கு ஆப்ப சோடாவைக் கரைத்துக் கரைத்து ஊற்றினோம், ஊசி வழியாக உப்பு நீர் ஏற்றினோம். மதியத்துக்குள் மேலும் நாலு போயிற்று. கல்யாண வீட்டுக்காரர் வந்து நின்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோறு போடுவதைப் புண்ணியமென்று சொல்லி வளர்த்திருக்கிறோம்.

அந்தச் சோறே, ஒரு கைப்பிடி முதல் நாள், இரண்டு கைப்பிடி நாலாம் நாள் என்று போயிருந்தால் ஒரு ஆடும் செத்திருக்காது. புதுத் தீனி எதுவானாலும் பத்து நாள், பதினைந்து நாள் கொடுங்கள். மூட்டையை மாற்றினாலும் அப்படித்தான். காட்டை மாற்றினாலும் அப்படித்தான். முதல் மழைக்குப் பிறகு புதுப்புல்லில் விட்ட கொழுத்த குட்டி துள்ளி விழுந்து சாகிறதே, துள்ளுமாரி, அதற்குள்ளும் இந்தத் திடீர்தான் ஒளிந்திருக்கிறது. குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஒரு கிருமி, திடீர்த் தீனியைக் கண்டு பெருகி நஞ்சு கக்குகிறது. தடுப்பூசியை எப்போது போடுவது? மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே. மழை வந்த பிறகு மருத்துவமனை வாசலில் வரிசையில் நிற்பவர்களுக்கு என் அனுதாபம் உண்டு, ஆனால் அனுதாபத்தால் குட்டி பிழைக்காது.

வயிற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய விஷயம்? இன்னொரு கதை. நம் ஊரில் சவுண்டல் என்று சொல்கிறோமே, சூபாபுல், அந்த மரத்தின் இலையில் புரதம் அள்ளிக் கொட்டிக் கிடக்கிறது. கூடவே மைமோசின் என்று ஒரு நச்சும் இருக்கிறது. அளவு மீறித் தின்றால் செம்மறிக்கு ரோமம் கொட்டும், கழுத்துக் கழலை வீங்கும். ஆஸ்திரேலியாவில் மாடுகள் இதைத் தின்று நோஞ்சானாகின. ஹவாய்த் தீவில் ஆடுகள் இதையே தின்று கொழுத்தன. ஏன்? ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி விடாமல் இதைத் துருவினார். ஹவாய் ஆட்டின் வயிற்றில் அந்த நச்சின் மிச்சத்தைத் தின்று தீர்க்கும் ஒரு நுண்ணுயிர் இருந்தது, ஆஸ்திரேலிய மாட்டின் வயிற்றில் அது இல்லை. 1980களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து அந்த நுண்ணுயிர்களைக் கொண்டுவந்து மாடுகளுக்குப் புகட்டினார். மாடுகள் தேறின. பிறகு அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டஸ் ஜோன்சி என்று வைத்தார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சவுண்டல் தழை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இனி ஆட்டின் ஆண்டுக்கு வருகிறேன். இதுதான் என் பேச்சின் நடுமுதுகு, தூக்கம் வந்தவர்கள் முகம் கழுவிக்கொண்டு வரலாம்.

பெட்டை சினை சுமப்பது ஐந்து மாதம். ஆனியில் கிடா சேர்ந்தால் கார்த்திகையில் குட்டி. பட்டியில் வருடம் முழுக்கக் கிடாவை விட்டு வைத்திருப்பவர்களுக்கு மாசியிலும் குட்டி விழும், சித்திரையிலும் விழும். சித்திரையில் விழுந்த குட்டிக்குத் தாயின் மடியில் என்ன இருக்கும்? காய்ந்த நாரைத் தின்ற தாய் எதைச் சுரக்கும்? கார்த்திகைக் குட்டிக்கோ தாயின் வாயருகே பச்சை, தான் மேயப் பழகும் மாதத்திலும் பச்சை. கிடாவைப் பிரித்துக் கட்ட ஒரு கயிறுதான் செலவு.

சரி, தீவன மூட்டையை எப்போது அவிழ்ப்பது? வருடத்தில் மூன்று சமயம்தான். கிடா சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலிருந்து பெட்டைக்குத் தினம் 200 கிராம். அதனால் சினை பிடிப்பது கூடும், இரட்டைக் குட்டி வாய்ப்பும் கொஞ்சம் ஏறும். அடுத்தது சினையின் கடைசி ஆறு வாரம். குட்டியின் வளர்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த ஆறு வாரத்தில்தான் நடக்கிறது. முதல் மூன்று மாதம் வயிற்றில் எலிக்குஞ்சு மாதிரி இருப்பது, கடைசியில் ஆளாகிறது. நம் கணக்குப்படி அந்த ஆறு வாரம் எங்கே விழுகிறது? புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும். மழை வந்தும் வராத நேரம். புல் இன்னும் எழும்பவில்லை, குட்டியோ உள்ளே உதைக்கிறது. வானத்தை நம்பாமல் மூட்டையை அவிழ்க்க வேண்டிய நேரம் அது. பிந்தி வந்த மழையில் எத்தனை பெட்டைகள் குட்டி போடும் தறுவாயில் கால் மடங்கிப் படுத்துவிட்டன என்று எனக்குத் தெரியும். மூன்றாவது, பால் கொடுக்கும் முதல் இரண்டு மாதம். மற்ற நாளில் வளர்ந்த பெட்டைக்குத் தினமும் பிண்ணாக்கு போடுகிறவர் கிணற்றில் காசைப் போடுகிறார். தன் ஆசைக்குப் போடுகிறேன் என்றால் எனக்கு மறுப்பில்லை.

மூட்டையில் என்ன இருக்க வேண்டும்? மக்காச்சோளமோ கம்போ பாதிக்குச் சற்றுக் குறைய, கடலைப் பிண்ணாக்கு கால் பங்கு, மீதி தவிடு. 100 கிலோவுக்கு 2 கிலோ தாதுஉப்பு, 1 கிலோ சமையல் உப்பு. பூசணம் பிடித்த பிண்ணாக்கைத் தொடவே வேண்டாம். தாதுஉப்பில் மட்டும் ஒரு எச்சரிக்கை, இது நானே செய்த தப்பு என்பதால் சொல்கிறேன். இளம் வயதில் ஒரு ஆத்தாவிடம், "மாட்டுக்கு வாங்கியதையே ஆட்டுக்கும் போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மாட்டுத் தாதுஉப்பில் செம்புச் சத்து அதிகம். செம்மறியின் ஈரல் அதை வெளியே தள்ளத் தெரியாமல் மாதக்கணக்கில் சேர்த்து வைக்கும். திடீரென்று ஒருநாள் ரத்தத்தில் கொட்டும். கண் மஞ்சளாகும், மூத்திரம் கறுத்துச் சிவக்கும். அந்த ஆத்தாவின் இரண்டு கிடாக்கள் அப்படிப் போயின. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது மோர் கொடுத்தார்.

குட்டிக்கு ஒரே ஒரு சொல். சீம்பால். தாயின் நோய் எதிர்ப்பு வயிற்றுக்குள் இருக்கும்போது குட்டிக்கு வருவதில்லை, சீம்பால் வழியாகத்தான் வரும். அதையும் குடல் முதல் ஒரு நாள்தான் உள்ளே விடும், பிறகு கதவைச் சாத்திவிடும். இரண்டு கிலோ குட்டிக்கு அந்த ஒரு நாளில் 200 மில்லியாவது போக வேண்டும். முதல் வாய் ஒரு மணி நேரத்துக்குள். 'நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்' என்று காத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள், நான் யாரையும் பார்க்கவில்லை.

இப்போது கோடை. மூட்டை இல்லாமல் கோடையைத் தாண்ட முடியுமா? நம் முன்னோர் தாண்டினார்கள். எப்படி? வெள்வேலம். இந்த மரம் மழைக்காலத்தில் பூக்கிறது. காய் மெதுவாக, மிக மெதுவாக முற்றுகிறது. எப்போது உதிர்கிறது? சித்திரையில், வைகாசியில். புல்லில் புரதம் தீர்ந்துபோன அதே மாதங்களில், புல்லைவிடப் பல மடங்கு புரதம் உள்ள நெற்று மேலிருந்து கீழே விழுகிறது! ஆடு மரத்தடிக்கு ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நெற்று வயிற்றுக்குள் போனதும் நுண்ணுயிர்க் கூட்டத்துக்கு உயிர் வருகிறது. அதுவரை தேங்கிக் கிடந்த நாரும் செரிக்கத் தொடங்குகிறது. ஒரு கைப்பிடி நெற்று, ஒரு கட்டுக் காய்ந்த புல்லுக்கு விலை கொடுக்கிறது. கடலைக்கொடியைப் போராகப் போட்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே வேலை நடக்கும்.

வெள்வேலத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் மருத்துவன் இல்லை. காய்ந்து உதிர்ந்த நெற்று வேறு. காற்றில் முறிந்து விழுந்த கிளையின் பச்சைக் காயும் இளந்தழையும் வேறு. பச்சையில் சயனைடு நச்சு உண்டு. வெறும் வயிற்றோடு போய் அதை அள்ளித் தின்ற ஆடு அரை மணி நேரத்தில் மூச்சுத் திணறி விழும். இளஞ்சோளப் பயிரிலும் அதே நச்சுதான். மழையில்லாமல் வாடி நிற்கும் சோளத்திலும், வெட்டிய தாளில் வரும் மறுதுளிரிலும் இன்னும் அதிகம். சோளத்தைப் பூத்த பிறகு வெட்டுங்கள். கிளை முறிந்த நாளில் ஆட்டை முதலில் வேறு பக்கம் ஓட்டி, வயிற்றுக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு வாருங்கள்.

கிணறு உள்ளவர்கள் கம்பு நேப்பியர் போடலாமா என்று கேட்பீர்கள். கோ-4, கோ-5 எல்லாம் மாட்டுக்கு வந்த சீர். செம்மறிக்குச் சின்ன வாய், மெல்லிய உதடு. இலையைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டைக் காலால் மிதிக்கும். போடுவதானால் இளசாக அறுத்துப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். அதைவிட வரப்போரம் வேலிமசால் போடுங்கள் என்பது என் கட்சி. மானாவாரிக் காட்டுக்கு முயல்மசால். தண்ணீரை மறக்க வேண்டாம். கோடையில் ஒரு ஆடு நாலைந்து லிட்டர் குடிக்கும். தொட்டியில் பாசி படிந்திருந்தால் குடிப்பதைக் குறைக்கும், குடிப்பது குறைந்தால் தின்பதும் குறையும். தொட்டியைக் கழுவுவதுதான் இருப்பதிலேயே மலிவான தீவனம்.

வரும் வழியில் பார்த்தேன். இரண்டு கொறங்காட்டில் வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். வெள்வேலத்தை அடியோடு வெட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். விறகுக்காம். அது காய்க்கும் அளவுக்கு வளர எத்தனை வருடமாயிற்று என்று வண்டிக்காரரிடம் கேட்க நினைத்தேன். அவருக்கு எப்படித் தெரியும்?

அங்கே கீழே சிதறிக் கிடந்ததை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். வெளியே வேப்ப மரத்தடியில் இருக்கிறது. எல்லாம் முற்றிய நெற்று, குலுக்கினால் விதை சத்தம் கேட்கும். ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொள்ளுங்கள். பாதியை ஆட்டுக்குப் போடலாம். மீதியை என்ன செய்வது என்று ஆத்தாமார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது.